பதினேழு

தலைஞாயிறு கொள்முதல் நிலையம், மாசி மாதம்,
இரவு இரண்டேகால்.
தார்ப்பாய் மேல் பனி இறங்குகிற சத்தம் கேட்கும் என்றால்
நம்ப மாட்டீர்கள். பதினோராவது ராத்திரியில் கேட்கும்.

நான் பட்டியல் எழுத்தர். பருவகாலப் பணி.
சாக்கு வரவில்லை, லாரி வரவில்லை என்று
பகலெல்லாம் சொல்வது என் வேலை.
இரவில் மச்சானின் பைனாகுலரை எடுத்துக்கொண்டு
களத்தின் இருட்டு மூலைக்குப் போவேன்.
கடகத்துக்குச் சற்றுக் கீழே,
நேற்றிருந்த இடத்திலிருந்து ஒரு நெல் அகலம்
நகர்ந்திருக்கும் அந்தப் புள்ளி.

சீரிஸ்.

செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவில்
கல்லும் தூசியுமாய்ச் சுற்றுகிற கூட்டத்தில்
உருண்டையாகத் திரண்டவள் அவள் ஒருத்திதான்.
ஒன்பது மணி நேரத்தில் ஒரு பகல், ஒரு இரவு, முடிந்தது.
கண்டுபிடித்த புதிதில் கோள் என்று எழுதினார்கள்.
ஐம்பது வருஷம் கழித்து அதை அடித்துவிட்டு, சிறுகோள்.
பிறகு குறுங்கோள்.
மூன்று முறை ரகம் மாற்றிப் பட்டியல் போட்டிருக்கிறார்கள்;
சரக்கு அதேதான்.
எனக்கு இது புரிகிற விஷயம்.
காலையில் சன்னம், மாலையில் பொது.

ரோமாபுரியில் அவள் தானியத்துக்குத் தெய்வம்.
சீரியல் என்ற சொல்லே அவள் வீட்டிலிருந்து வந்தது.
தலைஞாயிற்றில் சீரியல் என்றால் இரவு எட்டு மணி.

அவள் மேனியில் விழுந்த பள்ளங்களுக்கு
உலகத்துப் பயிர்த்தெய்வங்களின் பெயர்.
உப்பு வெள்ளையாய்ப் பூத்துக் கிடக்கிற பெரும்பள்ளத்துக்குப்
பரம்படிக்கிற சாமியின் பெயர்.
இன்னொரு பக்கம் வரிசையாகக் குழிகள்,
அதற்குப் பொங்கல் என்று பெயர்.
நிஜம். நம் பொங்கல்தான்.
படித்த அன்று சிரித்தேன்.
வெளியே வேதாரண்யம் சாலையும் அப்படித்தான் இருந்தது.

தையல்நாயகி தூங்கவில்லை.
ஆறு மா குத்தகை, எண்பது சிப்பத்துக்கு நெல்.
ஆறாம் நாள் பெய்த மழை அடிக்குள் புகுந்துவிட்டது.
குவியலுக்குள் கால்களை நுழைத்து உட்கார்ந்திருந்தாள்.
"தினம் எதைப் பாக்குறீங்க?"
சொன்னேன். மகளைப் பாதாளத்துக்காரன் தூக்கிப்போனதை,
தாய் பந்தம் கொளுத்தித் தேடியதை,
வயிறெரிந்து ஒரு விதையையும் முளைக்க விடாததை,
கீழே அந்தப் பெண் மாதுளை முத்துகளைத் தின்றுவிட்டதால்
வருஷத்தில் பாதி அங்கேயே என்று தீர்ப்பானதை.

"எத்தனை முத்து?"
ஆறு என்பார்கள், ஏழு என்றும்.
"ஆறு முத்துக்கு ஆறு மாசமா?
எங்க குழுக் கடன்காரன் தேவலாம்."

கொஞ்ச நேரம் கழித்து,
"முளைக்க விடாம நிறுத்துனாளா அந்தம்மா?
இங்க அடியில முளைச்சுக்கிட்டிருக்கு.
வந்து நிறுத்தச் சொல்லுங்க."
கையை விட்டு ஒரு பிடி எடுத்துக் காட்டினாள்.
ஊசிமுனை அளவுக்கு, வெள்ளையாய், முளை.

ஒன்றைச் சொல்லாமல் விட்டேன்.
அவள் உடம்பில் கால்பங்கு தண்ணீர் என்கிறார்கள்,
பனிக்கட்டியாய், உப்புக் கரைசலாய், தோலுக்கு அடியில்.
என் ஈரமானியைச் செருகினால் இருபத்தைந்து காட்டும்.
பதினேழு தாண்டினால் வாங்கக் கூடாது என்பது உத்தரவு.
தானியத்தின் தெய்வத்தையே
காயவைத்துக் கொண்டுவா என்று
நான் திருப்பி அனுப்ப வேண்டிவரும்.

பைனாகுலரைக் கொடுத்தேன்.
வெகுநேரம் பார்த்தாள்.
"கண்ணுல உமி விழுந்தாப்பல ஒண்ணு இருக்கு. அதுவா?"
அதுதான்.

அரிச்சந்திரா ஆற்றில் தண்ணீர் அசையாமல் நின்றது.
பொய்யே சொல்லாதவன் பெயரை வைத்துக்கொண்டு
கடைமடைக்கு வருவேன் என்று வருஷா வருஷம் சொல்கிற ஆறு.

நான்கு மணிக்கு மேல் மேகம் மூடிவிட்டது.
தையல்நாயகி குவியலின் மேல்பக்கத்திலிருந்து
ஒரு நெல்லை எடுத்துப் பல்லிடுக்கில் வைத்துக் கடித்தாள்.
டக் என்றது.
"பதினேழு," என்றாள்.
என்னைப் பார்க்கவில்லை.
மெஷின் பெட்டி மேசை மேல் பூட்டிக் கிடந்தது.
சாவி என் சட்டைப்பையில்.